யன்னலில் நின்று குணவதி விசாரித்த ஊர்கள்

ரொறன்ரோவைச் சுற்றி ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்துக்குள் இருக்கிற எந்த ஊரைப் பற்றியும் குணவதியிடம் கேட்கலாம். ஸ்ரௌவ்விலில் புதிதாக எழும்புகிற வீடுகளுக்குக் கிட்டப் பள்ளிக்கூடம் எப்போது வரும், ஏஜக்ஸில் எந்தப் பக்கத்து வீடுகளின் பேஸ்மென்ற்றுக்குள் தண்ணீர் ஊறும், மில்லிக்கனில் கார் இல்லாத மனுசர் எப்படி வேலைக்குப் போவது, எல்லாம் அவளிடம் இருந்தது. வீடு விற்கிறவர்கள் மறைக்கிறதைக்கூடப் பட்டென்று சொல்லுவாள். இத்தனைக்கும் அவளுக்கென்று ஒரு வீடு இல்லை. மல்வேர்னில் சுவரோடு சுவர் ஒட்டின வாடகை ரவுன்ஹவுஸ் ஒன்றில் கணவன் தில்லையம்பலத்தோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். கார் ஓட்டவும் தெரியாது. பாண் சுடுகிற தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் நிற்கிற பெண்கள் வேறு வேறு ஊர்களிலிருந்து வருகிறவர்கள். அவர்களின் வாயைக் கிண்டிக் கிண்டி எடுத்த அறிவு அது.

என் பெயர் ரதி. மில்லிக்கனில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் மல்வேர்னில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். உள்ளே அவர்கள் எழுத்துகளோடு மல்லுக்கட்ட, வெளியே சாப்பாட்டு மண்டபத்து நீள வாங்கில் நாங்கள் பெற்றோர் இருந்து கதைப்போம். குணவதியின் பிளாஸ்கில் தேத்தண்ணீர் இருக்கும், ஒரு பெட்டியில் ரோல்ஸ் இருக்கும். எங்களில் மூத்தவர் கஸ்பர் அண்ணை, பேசாலைக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். காலங்கடந்து பிறந்த மகளை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வருவார். இன்னொருத்தி அனுபமா, கோயம்புத்தூர்க்காரி, கம்பியூட்டர் வேலை. ஸ்ரௌவ்விலில் வீடு வாங்கிவிட்டு, அங்கே தமிழ் வகுப்பு இல்லாததால் மகள் பவ்யாவைக் காரில் ஏற்றிக்கொண்டு இவ்வளவு தூரம் வருவாள்.

“அனு, உங்கட ஸ்ரௌவ்விலிலை பஸ் ஓடுதோ?” என்று குணவதி தொடங்குவாள்.

“ஓடுது அக்கா. ஆனா யாரும் ஏறி நான் பார்த்ததில்ல.”

“ஆசுப்பத்திரி?”

“அதுக்கு மார்க்கம் வரணும்.”

“அப்ப என்ன கோதாரிக்கு உங்கை போய் வீடு வாங்கினனீங்கள்?” என்று கஸ்பர் அண்ணை குறுக்கிடுவார்.

“வானம் நல்லாத் தெரியுது அண்ணா,” என்பாள் அனுபமா. எங்களுக்குச் சிரிப்பு வரும். வானம் பார்க்கவோ மனுசர் கடன்பட்டு வீடு வாங்குகிறது என்று நான் அவளைச் சீண்டுவேன்.

குணவதி மட்டும் சிரிக்கமாட்டாள். அடுத்த கேள்வி கேட்பாள். நெல் விளைவித்த மனுசனுக்கு அங்கே ஏதாவது தோட்டவேலை கிடைக்குமா, பேஸ்மென்ற்றுக்குத் தனி வாசல் இருக்கிற வீடுகள் உண்டா, ஆங்கிலம் தெரியாத ஒன்பது வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் விடுவார்கள். அந்த மனுசன் அவளுடைய ஒரே தம்பி இரத்தினவேல். அந்தப் பிள்ளை அவனுடைய மகள் செந்தூரி. மனைவி பாலேஸ்வரி. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் உருத்திரபுரத்தில் வயல் செய்துகொண்டிருந்த குடும்பம். தம்பியாரைக் கனடாவுக்குக் கூப்பிடலாம் என்று ஒரு லோயர் சொல்லியிருந்தார், கூப்பிட முடியாது என்று மற்ற லோயர் சொல்லியிருந்தார். குணவதி கூப்பிடலாம் என்று சொன்னவரை நம்பினாள். வந்தால் எங்கே இருத்துவது என்பதுதான் அவள் இத்தனை ஊர்களையும் அலசி வைத்திருந்ததன் காரணம்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பிறந்தபோது உருத்திரபுரம் ஆமியிடம் போய்விட்டது. இரத்தினவேல் குடும்பத்தோடு கிழக்கே கிழக்கே என்று நகர்ந்துகொண்டிருந்தான். விசுவமடு என்று ஒருமுறை போன் வந்தது. பிறகு புதுக்குடியிருப்பு. பிறகு மாத்தளன். அதற்குப் பிறகு போன் வரவில்லை. அந்த வசந்தத்தில் எங்கள் எல்லோருக்கும் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. வீட்டில் போன் அடித்தால் ஆளையாள் பார்த்துக்கொண்டு நிற்போம், எடுக்க ஒருத்தரும் போகமாட்டோம். கணினியில் இணையத் தளங்களைத் திறந்தால் கைகால் துண்டிக்கப்பட்ட உடல்கள் வரும். முகம் தெரியாத உடல் என்றால் உடுப்பைப் பார்ப்போம். பிள்ளைகள் யூனிவர்சிற்றி அவெனியூவில் கொடி பிடித்துக் கத்தினார்கள். அன்னையர் தினத்தன்று சனம் நெடுஞ்சாலையில் ஏறி இருந்து காரெல்லாம் நின்றது. நானும் ஏறினேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை.

சனிக்கிழமை வாங்கிலே இப்போது கதை வராது. வந்தால் இன்னார் வீட்டில் இன்னார் என்று மட்டும் வரும். அந்த நேரத்திலும் குணவதி பிக்கரிங்கில் கோ ரெயில் எத்தனை மணிக்கு என்று அனுபமாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“குணா, அங்கை சனம் சாகுது. நீர் பிக்கரிங் ரெயிலைப் பற்றிக் கதைக்கிறீர்,” என்றேன்.

அவள் கோபிக்கவில்லை. மேசைக்குக் கீழே என் கையைத் தேடிப் பிடித்தாள். அவளுடைய கை பனிக்காலத்துக் கம்பிபோலக் குளிர்ந்தது.

“கதை நிண்டா எனக்குப் பயமாயிருக்கு ரதி. ஆரும் பேசாமல் இருந்தால் எனக்கு ஏதோ சொல்லப்போகினம் எண்டு நெஞ்சு அடிக்குது. நீரும் ஏதும் கேளுமன். ஒஷாவாவைப் பற்றிக் கேளும்,” என்றாள்.

நான் ஒஷாவாவைப் பற்றிக் கேட்டேன். அங்கே கார் செய்கிற தொழிற்சாலையில் ஆட்களை வேலையால் நிற்பாட்டுகிறார்களாம், அதனால் வாடகை வீடு சுகமாகக் கிடைக்கும் என்று அவள் விளக்கினாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் உறுதிப்பட்டது.

அவளுடைய பயத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். செத்த செய்தியைப் போனில் சொல்லக்கூடாது. தனி ஆளாகப் போயும் சொல்லக்கூடாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து நேரே வீட்டுக்குப் போகவேண்டும். வயதான ஆண் ஒருவர், பிடித்துக்கொள்ள ஒரு பொம்பிளை. போனவுடன் செய்தியைச் சொல்லவும் கூடாது. சும்மா வந்தோம் என்று இருந்து, தேத்தண்ணீர் குடித்து, பிறகு ‘காயமாம், ஆசுப்பத்திரியிலை வைச்சிருக்கினமாம்’ என்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து ‘காயம் கொஞ்சம் கூடவாம்’ என்பார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லமாட்டார்கள். மிச்சத்தை வீட்டுக்காரர் தாங்களே விளங்கிக்கொண்டு குழறி அழவேண்டும். அந்த வசந்தத்தில் மல்வேர்னில் இப்படிப் போகிற ஆட்களுக்கு ஓய்வு இல்லை. அவர்களில் நல்லாகச் செய்கிறவள் என்று பெயரெடுத்தவள் குணவதிதான். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் குசினிக்குள் நுழைந்து அடுப்பை நிற்பாட்டுவாள். செய்தி கேட்ட பிறகு ஒருத்தருக்கும் அடுப்பு நினைவு வராது என்று அவளுக்குத் தெரியும். கஸ்பர் அண்ணையின் தமக்கை வலைஞர்மடத்தில் ஷெல்லில் போனபோது அவருக்குச் சொல்லப் போனதும் அவள்தான். ‘காயமாம் அண்ணை’ என்று அவள் சொன்ன விதத்திலே தான் ஒரு மணித்தியாலம் நம்பியிருந்தேன் என்று அவர் பிறகு எங்களிடம் சொன்னார். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக அவளுக்கு நன்றியும் சொன்னார்.

இதை எல்லாம் அனுபமா கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “ஏன் அண்ணா நேரா சொன்னா என்ன? எங்க ஊர்ல இப்படிப் பழக்கம் இல்லையே” என்று கேட்டாள். எங்கட ஆக்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை என்று கஸ்பர் அண்ணை கதையை முடித்துவிட்டார்.

மே மாதத்து நீண்ட வார இறுதியில் யுத்தம் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். கொழும்பில் வெடி கொளுத்திப் பால்சோறு தின்றதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். முடிந்துவிட்டதென்றால் பயமும் முடியவேண்டும்தானே. எங்களுக்கு அன்றிலிருந்துதான் கூடியது. அதுவரை ஒரு ஆளைப் பற்றித் தெரியாது என்றால், சண்டைக்குள்ளே அகப்பட்டிருக்கிறான் என்று ஆறுதல் சொல்லலாம். இனி அப்படிச் சொல்ல ஏலாது. இருக்கிறவர்கள் எல்லோரையும் செட்டிகுளத்துப் பக்கம் முள்ளுக்கம்பி முகாம்களுக்குள் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். முகாமில் இருந்தால் இருக்கிறார். இல்லையென்றால் இல்லை.

அடுத்து வந்த சனிக்கிழமையில் குணவதி ஊர்களைப் பற்றி மூச்சு விடாமல் கதைத்தாள். ரோல்ஸ் பெட்டியைத் திறக்க மறந்துபோனாள். வகுப்பு முடிந்து அவளுடைய மகன் ஜெனோசன் வந்து கையைப் பிடித்து இழுக்க, அவனிடமும் ஸ்ரௌவ்வில் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். வாசலால் போகிறபோது திரும்பிப் பார்க்காமலே எனக்குச் சொன்னாள்:

“ரதி, என்ரை வீட்டுப் பக்கம் வாறதெண்டா தனியா வாரும். ஆரையும் கூட்டிக்கொண்டு வராதையும்.”

ஜூன் மாதம் ஒரு வேலைநாள் காலை கஸ்பர் அண்ணை எனக்குப் போன் எடுத்தார். முகாமுக்குள் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோக அனுமதி கிடைத்த பாதர் ஒருவர் அவருக்கு ஊர்ச் சொந்தம். இரத்தினவேலின் பெயரை அவரிடம் கொடுத்து வைத்திருந்தார். பாதர் ஆட்களைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்தது ஒரு ஆளைத்தான். செந்தூரி கையில் கட்டோடு முகாமில் இருக்கிறாள், முன்பின் தெரியாத ஒரு குடும்பம் பார்த்துக்கொள்கிறது. இரத்தினவேலும் பாலேஸ்வரியும் முள்ளிவாய்க்காலில் ஒரே பங்கருக்குள், ஒரே ஷெல்லில் போய்விட்டார்கள். சொன்னவர் வாய்விட்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு முதலில் வந்தது பயம்தான். குணவதியிடம் இதை யார் சொல்வது.

தில்லையம்பலம் மில்டனில் ஒரு கிடங்கில் வேலை. கஸ்பர் அண்ணை அவருக்கு முதலே சொல்லிவிட்டார். அவர் வெளிக்கிட்டுவிட்டார், ஆனால் நாலு-நூற்றொன்று நெடுஞ்சாலையில் விபத்து, கார் நகரவில்லை. லண்டனில் இருக்கிற சொந்தக்காரருக்கும் செய்தி போய்விட்டது, அவர்களில் யாராவது விசரர் நேரே போன் எடுத்து ஒப்பாரி வைத்தால் வீட்டில் அவள் தனிய. நீங்கள் முதலில் போங்கோ, நான் வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினாராம். குணவதிக்கு அந்தக் கிழமை பின்னேர சிப்ற் வேலை. காலையில் வீட்டில்தான் நிற்பாள்.

அனுபமா வீட்டிலிருந்து வேலை செய்கிற நாள். அவளையும் கூப்பிட்டேன். பிடித்துக்கொள்ள இன்னொரு பொம்பிளை இருந்தால் நல்லது. அவள் தன் காரில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றினாள். காருக்குள்ளே திட்டம் போட்டது நான். அவளுடைய ஸ்ரௌவ்வில் அயலில் பேஸ்மென்ற்றுக்குத் தனி வாசல் வைத்த வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, அதைச் சொல்ல வந்தோம் என்று தொடங்குவது. செத்த வீட்டுச் செய்திக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வழக்கம் இல்லை, அதனால் ஒரு கேக் பெட்டி வாங்கிக்கொண்டு போனால் அவள் சந்தேகப்படமாட்டாள். பிறகு பிள்ளை முகாமில் சுகமாயிருக்கிறாள் என்று சொல்வது. தாய் தகப்பனைப் பற்றிக் கேட்டால், காயம், வவுனியா ஆசுப்பத்திரியில் என்று கஸ்பர் அண்ணை சொல்வது. மிச்சம் தில்லையம்பலம் வந்த பிறகு.

“பொய்தானே அது,” என்றாள் அனுபமா. “அவங்களுக்கு நம்பிக்கை குடுத்துட்டுப் பிடுங்கறது மாதிரி இல்லையா? நேரா சொல்லிடலாமே.”

“நேரே சொன்னா நெஞ்சு வெடிச்சுப்போம் பிள்ளை,” என்றார் கஸ்பர் அண்ணை. “நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். வீட்டுக் கதையை மட்டும் கதையுங்கோ.”

ரவுன்ஹவுஸ் வாசலில் காரை நிற்பாட்டி மூன்று பேரும் இறங்கினோம். கார்க் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துச் சாத்துப்பட்டன. மேல் யன்னலில் திரைச்சீலை அசைந்தது. பிறகு யன்னல் திறந்தது. குணவதி அரைவாசி உடம்பு தெரிய நின்று எங்களைப் பார்த்தாள். என்னை, அனுபமாவை, கஸ்பர் அண்ணையை. அவர் அன்றைக்கு வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில் அவர் பஸ்ஸில் அல்லவா இருக்கவேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கையில் இருந்த கேக் பெட்டியைப் பார்க்க எனக்கே வெட்கமாயிருந்தது. புதன்கிழமை காலையில் கேக்கோடு வருகிறவள் எவள்.

“குணா, கதவைத் திறவும். சும்மாதான் வந்தனாங்கள்,” என்றேன்.

அவள் அனுபமாவின் பக்கம் திரும்பினாள். “அனு, ஸ்ரௌவ்விலிலை இப்ப குளிர் விட்டிட்டுதோ?” என்று கேட்டாள்.

அனுபமா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

“விட்டுடுச்சு அக்கா. புல்லெல்லாம் வந்திருச்சு. நாங்க... பக்கத்துல ஒரு வீடு விலைக்கு வந்திருக்குன்னு சொல்ல வந்தோம்.”

“தனி வாசல் இருக்கோ?”

“இருக்கு அக்கா. பின்பக்கமா.”

“பின்பக்கமெண்டா ஸ்நோ ஆர் வழிக்கிறது? தம்பிக்கு உந்தக் குளிர் பழக்கமில்லை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரமோ?”

“நடந்திடலாம் அக்கா.”

“செந்தூரி நடப்பாள். அவள் உருத்திரபுரத்திலையும் நடந்துதான் போறவள்.”

கஸ்பர் அண்ணை வாயைத் திறந்தார். “பிள்ளை, கீழை வாங்கோ...” என்று தொடங்குமுன் அவள் குறுக்கே விழுந்தாள். ஏஜக்ஸில் வீடு எப்படி என்றாள். அனுபமா ஏஜக்ஸைப் பற்றித் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைக் கற்பனை செய்தாள். ஏரிக்கரை அழகு என்றாள், காற்று நல்லது என்றாள், கோயில் ஒன்று வரப்போகிறது என்றாள். அவளுடைய குரல் உடைந்து உடைந்து வந்தது, ஆனாலும் நிற்பாட்டவில்லை. தான் பேசிக்கொண்டிருக்கும்வரை மேலே நிற்கிறவளுக்குத் தம்பி உயிரோடு இருக்கிறான் என்பதை அந்தக் கோயம்புத்தூர்க்காரி எங்களுக்கு முதலே விளங்கிக்கொண்டாள்.

பிக்கரிங் வந்தது. விற்பி வந்தது. குணவதி யன்னல் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாள். விழுந்துவிடுவாளோ என்று நான் யன்னலுக்கு நேர் கீழே போய் நின்றேன். பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அயல்வீட்டுக் கறுப்பினப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு, யன்னலையும் பார்த்துவிட்டு, அப்படியே நின்றாள். வீதியில் ஆட்கள் நிற்க, மாடியிலிருந்து ஒருத்தி ஊர் ஊராக விசாரிக்க, கீழேயிருந்து ஒருத்தி பதில் சொல்ல, பார்க்கிறவர்களுக்கு ஏதோ விளையாட்டுப் போலத்தான் இருந்திருக்கும். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பயந்தது இல்லை.

“ஒஷாவா?” என்றாள் குணவதி.

“ஒஷாவால... வாடகை கம்மின்னு நீங்கதானே சொன்னீங்க அக்கா.”

“ஓம். நான்தான் சொன்னனான். அதுக்கு அங்காலை?”

“பௌமன்வில்.”

“அதுக்கும் அங்காலை?”

அனுபமாவுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. நாங்கள் யாரும் அதற்கு அப்பால் போனதில்லை. வீதி சத்தமில்லாமல் கிடந்தது. யன்னல் மெல்லச் சாத்துப்பட்டது.

அவள் படியால் இறங்கி வர நெடுநேரம் எடுத்தது. இனித் திறக்கவே மாட்டாள் என்று நினைத்தபோது பூட்டுத் திறந்தது. குணவதி விலகி வழி விட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போனேன். அவளிடம் பழகினதுதான். அடுப்பு அணைந்திருந்தது. சட்டியில் பருப்பு அரை அவியலில் நின்றது. எங்கள் கார் வந்து நின்ற உடனேயே அவள் அடுப்பை நிற்பாட்டியிருக்கிறாள். குசினிக்குள் நிற்கவே எனக்குப் பயமாயிருந்தது. திரும்பி வந்தேன்.

கஸ்பர் அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “தங்கச்சி, நல்ல செய்திதான். பிள்ளை செட்டிகுளத்திலை சுகமாயிருக்கிறாளாம். பாதர் கண்டவராம். தம்பியும் மனுசியும்... காயமாம். வவுனியா ஆசுப்பத்திரியிலை வைச்சிருக்கினமாம்,” என்றார்.

குணவதி அவருடைய முகத்தையே பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு தொழில்காரி இன்னொரு தொழில்காரரின் கைவேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“உது நான் உங்களுக்குச் சொன்ன வசனம், கஸ்பர் அண்ணை,” என்றாள்.

அவர் தலையைக் குனிந்தார். நான் அவளுடைய தோளைப் பிடிக்கப் போனேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

“அனு,” என்றாள். “உங்கட ஆக்களுக்கு உந்தப் பழக்கம் இல்லையெண்டு சொன்னனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ. ஆர் மிச்சம்?”

கஸ்பர் அண்ணை வேண்டாம் என்று கண்ணால் காட்டினார். அனுபமா அவரைப் பார்க்கவில்லை.

“செந்தூரி இருக்கா அக்கா,” என்றாள். “கையில அடி. ஆனா நல்லா இருக்கா. செந்தூரி மட்டும்தான்.”

நாங்கள் அவளைப் பிடிக்கத் தயாராக நின்றோம். அவள் விழவில்லை, குழறவும் இல்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் மெல்ல இருந்தாள். இருந்தபடியே கதைக்கத் தொடங்கினாள். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

“பிள்ளைக்கு இப்ப சொல்லவேண்டாம் எண்டு பாதரிட்டைச் சொல்லுங்கோ. சின்னப்பிள்ளை, தாங்காது. அம்மாக்கும் அப்பாக்கும் காயம், வேறை இடத்திலை மருந்து கட்டுகினம் எண்டு சொல்லட்டும். சொல்லத்தான் வேணுமெண்டா பாதர் தனியப் போகக்கூடாது. ஒரு பொம்பிளையையும் கூட்டிக்கொண்டு போகட்டும், பிள்ளையை மடியிலை வைச்சிருக்க. சாப்பிட்டிட்டாளோ எண்டு முதல் கேக்கட்டும். சாப்பாட்டுக்கு முதல் சொல்லக்கூடாது. கஸ்பர் அண்ணை, கேட்டதோ? இப்ப எடுத்துச் சொல்லுங்கோ.”

கஸ்பர் அண்ணை போனைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். அவள் இன்னும் பிள்ளையைத் தப்பவைக்க வழி தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலவில்லை. நான் அவளுக்கு முன்னால் நிலத்தில் குந்தினேன். கஸ்பர் அண்ணை காலையில் போனில் சொன்னதில் ஒன்று இன்னும் மிச்சம் இருந்தது.

“குணா,” என்றேன். “அவளுக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. அவள் அந்த பங்கருக்குள்ளை அவையோடைதான் இருந்தவள்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“ஆக்கள் வந்து தூக்குமட்டும்?”

“ஓம்.”

“தனியவோ?”

“ஓம்,” என்றேன்.

அதற்குப் பிறகுதான் குணவதி கத்தினாள். அந்தச் சத்தத்துக்கு, அவளைப் பிடிக்கவென்று வந்த நாங்கள் மூன்று பேரும் ஆளையாள் பிடித்துக்கொண்டு நின்றோம்.